நெரிசலில் கியர் வண்டி: கிளட்ச்சைத் தேய்க்காமல் ஓட்டுவது எப்படி?

கேள்வி: கும்பகோணத்திற்கு அருகிலுள்ள கிராமத்தில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் கியர் மாற்றி ஓட்டும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதற்குள் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். முகூர்த்த நாளில் ஊருக்குள் நுழைந்தால் இடது முழங்கால் வலிக்கிறது. பாலத்து ஏற்றத்தில் நின்று எடுத்தால் வண்டி பின்னால் உருள்கிறது, இல்லையென்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. ஆட்டோமேட்டிக்குக்கு மாறுவதுதான் வழியா?

பதில்: இந்தக் காரணத்திற்காக வண்டியை மாற்ற வேண்டியதில்லை. நீங்கள் மூன்று குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். பிரேக் செய்ய வேண்டிய வேலையை உங்கள் கிளட்ச் செய்துகொண்டிருக்கிறது.

எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கிளட்ச் பிளேட். பெடலை முழுவதும் மிதித்தால் அது விடுபட்டு நிற்கும். காலை முழுவதும் எடுத்தால் இறுகப் பிடித்துக்கொண்டு ஃபிளைவீலோடு ஒன்றாகச் சுழலும். இந்த இரண்டு நிலையிலும் தேய்மானம் ஏறக்குறைய இல்லை. இடைப்பட்ட நிலையில், அதாவது நாம் ஹாஃப் கிளட்ச் என்று சொல்லும் நிலையில்தான் பிளேட் உராய்ந்து சூடேறித் தேய்கிறது. வண்டியை எடுக்கும்போது ஓரிரு விநாடி இந்த உராய்வு இருந்தே தீரும், அதற்காகத்தான் பிளேட் செய்யப்பட்டிருக்கிறது. பெரிய கடைத்தெருவைக் கடந்து முடிக்கும்வரை கால் அந்த நடுநிலையிலேயே மிதந்துகொண்டிருந்தால், ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் உழைக்கக்கூடிய பிளேட் 28,000-இல் தீர்ந்துபோவதில் வியப்பில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிய பெட்ரோல் காரின் எஞ்சின், ஆக்ஸிலரேட்டரைத் தொடாத நிலையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 சுற்றுகள் ஓடும். அந்த ஓட்டத்தில், கிளட்ச்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டால், சமதளத்தில் முதல் கியரில் வண்டி தானாகவே மணிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும். இரண்டாம் கியரில் அது 11, 12 கிலோமீட்டராக இருக்கும். மகாமகக் குளத்தைச் சுற்றி நெரிசல் நகரும் வேகம் பெரும்பாலும் இதுதான். ஆகவே ஊர்ந்து செல்லும்போது முதல் கியரைப் போட்டுக் கிளட்ச்சை முழுவதும் விட்டுவிடுங்கள், வலது காலைப் பிரேக்கின் மேல் தயாராக வைத்திருங்கள். ‘முதல் கியரில் ஓட்டினால் எஞ்சின் கெட்டுவிடும்’ என்ற தவறான எண்ணத்தில் பலர் நடந்து செல்லும் வேகத்திலேயே இரண்டாம் கியருக்குப் போய்விடுகிறார்கள். எஞ்சின் திணறுகிறது, அதைச் சமாளிக்கக் கிளட்ச்சைப் பாதி மிதிக்கிறார்கள், தேய்மானம் அங்கேதான் தொடங்குகிறது. பேருந்து நகர்ந்து ஒரு வண்டி நீளம் இடம் கிடைத்த உடனே பாய்ந்து நிரப்ப வேண்டாம், இரண்டு மூன்று வண்டி நீளம் சேரட்டும். அந்த இடைவெளியில் இரு சக்கர வாகனங்கள் புகுந்துகொள்ளும் என்பது எனக்கும் தெரியும். புகுந்தாலும் உங்களுக்கு இழப்பு சில விநாடிகள்தான். கிளட்ச்சுக்கோ பத்து உராய்வுகள் மிச்சம்.

ஐந்தாறு விநாடிக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுத்துவிடுங்கள். முதல் கியரில் பெடலை முழுவதும் மிதித்தபடி காத்திருந்தால் பிளேட் தேயாது என்பது உண்மைதான், ஆனால் பெடலை மிதிக்கும்போது பிளேட்டை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே சுழல்கிறது, உங்கள் முழங்காலும் அதே அழுத்தத்தைத் தாங்குகிறது. ரயில்வே கேட் மூடியிருந்தால் எஞ்சினையே அணைத்துவிட்டு ஹேண்ட் பிரேக் போடுங்கள். கேட் திறந்தபின், தண்டவாளத்திற்கு அப்பால் உங்கள் வண்டி நிற்க இடம் இருப்பதைப் பார்த்த பிறகே உள்ளே நுழைந்து, கியர் மாற்றாமல் முதல் கியரிலேயே கடந்துவிடுங்கள்.

இனிப் பாலம். டெல்டா மாவட்டங்களில் வண்டி பழகியவர்களுக்கு இது தனிச் சிக்கல் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் முழுவதும் சமதளம். ஏற்றம் என்றால் அது ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம், ஆனால் ஓட்டப் பழகிய நாட்களில் பாலத்து ஏறுமுகத்தில் நிறுத்தி எடுக்க யாரும் நமக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒருமுறை நெல் மூட்டை ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால், ஏற்றத்தின் பாதியில், எனக்கு முன்னே ஒரு கார் நின்றிருந்தது. பிரேக் விளக்கு எரியவில்லை. வண்டி அரை அடி முன்னே, அரை அடி பின்னே என்று ஊஞ்சல்போல ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் ஆவதற்குள் தேங்காய்நார்க் கயிறு கருகியது போன்ற நெடி என் வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது. ஓட்டியவர் பிரேக்கைத் தொடாமல் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்திருந்தார். அந்த நெடி உங்கள் வண்டியிலிருந்து எப்போதாவது வந்திருக்கிறதா என்று நினைத்துப் பாருங்கள்.

ஏற்றத்தில் நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நியூட்ரலில் காத்திருங்கள். முன்வண்டி நகர்ந்ததும் முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரை இலேசாகக் கொடுத்தபடி கிளட்ச்சை மெல்ல மேலே விடுங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் ஒலி கம்மும், போனட் ஒரு விரற்கடை நிமிர்வதுபோல் தெரியும். பிளேட் பிடித்துக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளம். காலை அங்கேயே நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி பின்னால் போகாது, முன்னே நகரத் தொடங்கும். நகர்ந்ததும் கிளட்ச்சை முழுவதும் விட்டுவிடுங்கள். சில புதிய வண்டிகளில், பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஓரிரு விநாடி வண்டியைப் பிடித்து வைக்கும் ஹில் ஹோல்ட் வசதி உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பிப் பழக வேண்டாம். பாரவண்டி முன்னே ஏறிக்கொண்டிருந்தால், முடிந்தவரை அடிவாரத்திலேயே காத்திருந்து, அது உச்சியைத் தாண்டியபின் ஒரே மூச்சில் ஏறிவிடுங்கள். இடைவெளி விட்டு நிற்பதால், பாரவண்டி சற்றுப் பின்னால் உருண்டாலும் உங்கள்மேல் மோதும் வாய்ப்பு குறைவு.

முழங்கால் வலிக்கு முதலில் இருக்கையைப் பாருங்கள். பெடலைத் தரைவரை மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் இருக்கை பின்னால் இருக்கிறது. ஓடும்போது இடது கால் பெடலின் மேல் சும்மா கிடக்கக் கூடாது, அதற்கு இடப்பக்கத்தில் தரையில் இடம் இருக்கிறது. வார் தளர்ந்த செருப்போடு ஓட்ட வேண்டாம். பெடலே கனமாகிவிட்டிருந்தால் அது உங்கள் காலின் குற்றமல்ல. கேபிளோ கிளட்ச் செட்டோ தேய்ந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிளேட்டை மாற்றச் சம்மதிக்கும் முன் நீங்களே ஒருமுறை சோதித்துவிடுங்கள். வெறிச்சோடிய சாலையில் நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சுற்று மட்டும் உயர்ந்து வேகம் கூடவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது, மெக்கானிக் சொன்னது சரி. அப்படியானால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியை இரண்டாம் முறையும் கொடுக்க நேராது.

ஆட்டோமேட்டிக் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விலை குறைந்த சிறிய கார்களில் வரும் ஏஎம்டி வகையிலும் இதே போன்ற கிளட்ச் பிளேட்தான் இருக்கிறது. அதை மிதிப்பது உங்கள் கால் அல்ல, ஓர் இயந்திரம் என்பதுதான் வேறுபாடு. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை இலேசாக மிதித்து அந்த வண்டியைத் தாங்கி நிறுத்தினால் அதன் பிளேட்டும் இதேபோல் கருகும். முழங்கால் மூட்டில் தேய்மானம் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் ஆட்டோமேட்டிக் வாங்குவதை யோசியுங்கள். இல்லையென்றால், போக்குவரத்து தொடங்குவதற்கு முந்தைய விடியற்காலையில், வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவரை அருகில் உட்காரவைத்துக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத ஒரு வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில் பத்து முறை நிறுத்தி எடுத்துப் பழகுங்கள்.