தீம் பார்க் ரசிகர்கள் கடற்கொள்ளையர் ஜோக்கைக் கேட்டதும் ஏன் நமட்டுச் சிரிப்பு சிரிக்கிறார்கள்?

ஒரே சொல் வெளியே சாதுவாகவும் உள்ளே குறும்பாகவும் ஒலிப்பதுதான் இரட்டை அர்த்த நகைச்சுவை. ஆங்கிலத்தில் 'பூட்டி' என்றால் கொள்ளைப் பொருள், கொச்சையில் பின்புறம். மீதியை ரசிகர்கள் பார்த்துக்கொள்வார்கள்!

கொள்ளையன் ஏற்கெனவே ஒழுக்கம் கெட்டவன், அதனால் அவன் வாயில் எதுவும் பொருந்தும். பூங்காவின் சவாரிப் படகிலோ குழந்தையும் தாத்தாவும் பக்கத்தில் பக்கத்தில். கல்யாண வீட்டில் பெரியப்பா அடிக்கும் கமெண்டுக்குப் பெரியவர்கள் வாயைப் பொத்திச் சிரிக்க, பிள்ளைகள் புரியாமலே கூடச் சிரிப்பார்களே, அதே கதைதான்.

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1967இல் திறந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' சவாரியில் கொள்ளையர் பெண்களைத் துரத்தினார்கள்; பீப்பாயருகே ஒருவன் ஜொள்ளு விட்டான். 1997இல் அந்த ஆசையைச் சாப்பாட்டுப் பக்கம் திருப்பினார்கள். பெண்களை ஏலம் விட்ட காட்சியும் 2018இல் மாறியது. ஏலப் பொருளாக நின்ற செந்நிறக் கூந்தல் பெண் இப்போது தானே கொள்ளைக்காரி. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

அப்புறம், இந்த ஜோக்குகள் எல்லாமே பூங்கா எழுதியவை என்று நினைக்க வேண்டாம். வரிசையில் காத்து நிற்கும் ரசிகர்களின் கைச்சரக்கும் உண்டு.