ஜார்ஜியாவின் பழைய ஒயின் பற்றிப் பயணிகள் என்ன எழுதியிருக்கிறார்கள்?

நான் முதலில் கைகாட்டுவது ழான் ஷார்தேனை. பாரசீகத்துக்கு நகை விற்கப் போன பிரெஞ்சுக்காரர். வழியில் 1672-73இல் ஜார்ஜியாவைப் பார்த்தார். இவ்வளவு அதிகமாக, இவ்வளவு நல்ல ஒயின் குடிக்கும் நாடு வேறில்லை என்கிறார். (குடிகாரர்கள் என்று திட்டவும் செய்கிறார்!) திராட்சைக் கொடிகள் மரங்களைப் பற்றி ஏறுவதையும் குறித்திருக்கிறார். வியாபாரி அல்லவா, சரக்கு போகும் இடத்தையும் விடவில்லை: ஆர்மேனியாவுக்கும், பாரசீகத் தலைநகர் இஸ்ஃபஹானில் ஷாவின் (மன்னரின்) விருந்துக்கும் போனதாம்.

ஆனால் ஷார்தேன் ரொம்பப் பிந்தி வந்தவர். ஜார்ஜியத் தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே கிடைத்த மண்பானை ஓடுகளில் ஏறக்குறைய 8,000 ஆண்டுப் பழைய ஒயினின் வேதித் தடயம் இருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தரையில் புதைத்த க்வெவ்ரி என்ற பெரிய மண்தாழிகளில் இன்றும் அங்கே ஒயின் நொதிக்கிறது.