கராச்சி வீடியோவும் ஹட்டன் கடைவீதியும்

கேள்வி: இந்தியா-பாகிஸ்தான் சண்டை என்றால் எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழு முழுக்க வீடியோதான். இரண்டு பக்கமும் தாங்களே வென்றதாகச் சொல்கின்றன. எது பொய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதைப் பகிர்வதால் நமக்கென்ன நட்டம்?
- வாசகர், பொகவந்தலாவை

பதில்: நட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த கடைக்காரர்கள். கராச்சி எரிவதாக ஒரு வீடியோவைப் போட்டு, 'இவன்களுக்கு நல்லா வேணும்' என்று ஒருவர் எழுதினால், அது கராச்சிக்காரன் காதில் விழப்போவதில்லை. நீங்கள் கொப்பியில் எழுதிச் சாமான் வாங்கும் முதலாளியின் மகன் அதே குழுவில் இருக்கிறான், அவன் படிப்பான். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது வதந்திகள் பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும்தான் ஓடின. அரசு அவற்றைச் சில நாட்கள் முடக்கியது. பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல்.

இப்படிப் பொய் பரப்புவதை வேலையாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2019 ஏப்ரலில் பேஸ்புக் நீக்கிய பக்கங்கள், குழுக்கள், கணக்குகளில் 103, பாகிஸ்தான் இராணுவ ஊடகப் பிரிவின் ஊழியர்களோடு தொடர்புடையவை. அதே நாளில் இந்திய நிறுவனம் ஒன்றோடு தொடர்புடைய 15உம் போயின. இரு நாடுகளும் மோதிக்கொண்டிருந்த 2025 மே 8 இரவு கராச்சித் துறைமுகம் தாக்கப்பட்டதாக இந்தியத் தொலைக்காட்சிகள் சொல்லிக்கொண்டே இருந்தன. அப்படி எதுவும் நடக்கவில்லை. அதற்கு 'ஆதாரமாக' ஓடிய காட்சிகளில் ஒன்று, ஜனவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் விழுந்த விமானத்தினுடையது. பாகிஸ்தான் தரப்பின் வெற்றிக் காட்சியாக ஓடியது 'ஆர்மா 3' என்ற கணினி விளையாட்டு.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் நம் மலைகள் சரிந்த நேரத்திலும் இந்த இரு நாடுகளும் ஓயவில்லை. இலங்கைக்குத் தான் அனுப்பிய நிவாரண விமானத்தை, வான்வழி அனுமதி தராமல் இந்தியா 60 மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்தது என்றது பாகிஸ்தான். கேட்ட அன்றே, டிசம்பர் 1 மாலை 5.30க்கே, அனுமதி கொடுத்துவிட்டோம் என்றது இந்தியா. நாம் மண்ணுக்குள் உறவுகளைத் தேடிக்கொண்டிருந்தோம். அவர்கள் நம் பெயரைச் சொல்லி அடித்துக்கொண்டார்கள். இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

இனி, சோதிக்கும் விதம். வீடியோவை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். பலரும் தீப்பிழம்பைப் படமெடுத்துவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்பார்கள். எந்தத் தீயும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெயர்ப்பலகை, கோபுரம், கட்டட விளிம்பு தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். மேலே ஒட்டியிருக்கும் எழுத்தை வெட்டிவிடுங்கள். கிடைக்காவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பி மறுபடி தேடுங்கள், திருப்பிப் போட்டு ஏமாற்றுவது வழமை. வரும் முடிவுகளில் ஆகப் பழைய திகதியைப் பாருங்கள். சண்டைக்கு முந்தியது என்றால் வேலை முடிந்தது.

சத்தத்தையும் கவனியுங்கள். ஒலி 1 கிலோமீற்றர் கடக்க ஏறத்தாழ 3 வினாடி எடுக்கும். தூரத்து மலைக்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்த அதே கணத்தில் வெடி கேட்டால், சத்தம் பிறகு ஒட்டப்பட்டது. தளபதி பேசும் வீடியோ என்றால் உதட்டை உற்றுப் பார்த்துப் பயனில்லை. இப்போதைய போலிகள் அதில் தேறிவிட்டன. அதே உடை, அதே மேசையுடன் உள்ள முழு உரையைத் தேடி, என்ன பேசினார் என்று ஒப்பிடுங்கள். 2025 மேயில் பாகிஸ்தான் இராணுவப் பேச்சாளர் இரண்டு விமானங்களை இழந்ததாக ஒப்புக்கொள்ளும் போலி அப்படித்தான் பிடிபட்டது.

வாட்ஸ்அப்பில் வந்த கோப்பில் எடுத்த நேரமும் இடமும் அநேகமாக அழிந்திருக்கும், அதைத் தோண்ட வேண்டாம். இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது. அனுப்பியவரிடம் 'எங்கே எடுத்தது?' என்று கேட்டாலும் அவருக்குத் தெரியாது.

நீங்கள் குழு அட்மின் என்றால், பதற்றமான இரவுகளில் 'அட்மின் மட்டும் அனுப்பலாம்' என்று அமைப்பை மாற்றுங்கள். வந்துவிட்டதை எல்லோருக்கும் அழிக்கும் அதிகாரமும் உங்களுக்கு உண்டு. விடியுமுன் அழித்துவிடுங்கள்; கடைகள் திறக்கும் நேரத்துக்குள் பாதிப்பேர் அதைப் பார்த்திருப்பார்கள்.