முன்பாய்க்கு ஒரு கம்பு: வாசகர் கேள்வி

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து 15 அடி பாய்ப்படகு வைத்திருக்கிறோம். வாடைக்காற்றில் தெற்கே ஓடும்போது பெரிய பாய் மறைத்துவிடுவதால் முன்பாய் சோர்ந்து படபடக்கிறது. முன்பாயை விரித்துப் பிடிக்கும் ‘விஸ்கர் போல்’ (whisker pole) என்ற கம்பைப் போடலாமா? எவ்வளவு நீளம், எப்படிக் கட்டுவது?
- வாசகர், தரங்கம்பாடி

பதில்: கட்டாயம் போடுங்கள். காற்று நேர் பின்னாலிருந்து வரும்போது முன்பாயை எதிர்ப்பக்கம் தள்ளி விரித்துப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. முன்பாயின் அடிவிளிம்பை அளந்துகொள்ளுங்கள், கம்பு அந்த அளவோ சற்றுக் குறைவோ இருந்தால் சரி. அதைவிட நீண்டால் பாய் விறைத்துத் தட்டையாகிவிடும், சின்னப் படகில் கையாளவும் சிரமம். அலுமினியக் குழாய்தான் என் சிபாரிசு. நல்ல மூங்கிலும் தாங்கும். கணுவைச் சீவி, வார்னிஷ் அடித்து, வெடிக்காமலிருக்க இரு முனையிலும் நூலை இறுக்கிச் சுற்றிவிடுங்கள்.

மாட்டும் வரிசைதான் முக்கியம். முதலில் வெளிமுனையை முன்பாயின் பின்மூலை வளையத்தில் கோத்து, கம்பை வெளியே தள்ளிக்கொண்டே வந்து உள்முனையைப் பாய்மரத்து வளையத்தில் பூட்டுங்கள், அப்புறம்தான் பாய்க்கயிற்றை இழுக்க வேண்டும். மரத்தில் முதலில் பூட்டினால் மூலை கைக்கு எட்டாது, ஆள் வெளியே தொங்க வேண்டிவரும். கம்பு பாய்மூலையின் உயரத்தில் கிடையாக நிற்கும்படி மரத்து வளையத்தைப் பொருத்துங்கள்.

இன்னொன்று, பெரிய பாயின் அடிக்கம்பு திடீரென மறுபக்கம் வீசினால் மண்டை உடையும். அதிலிருந்து முன்பக்கமாக ஒரு கயிறு, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சோடு கட்டுங்கள். காற்று வலுத்தாலும், முகத்துவாரத்தை நெருங்கினாலும் முதலில் கம்பைக் கழற்றிவிடுங்கள்.