பெயரை வைத்து இணைக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் வட்டாரத்துப் பழைய தோட்டங்கள், லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), கோயில்கள், தமிழ்ப்பள்ளிகளை எக்செல்லில் பட்டியலிட்டு வருகிறேன். தோட்டப் பெயரை வைத்து அதை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் உள்ள வரைபடத்தோடு இணைத்தால் பாதிக்கு மேல் ‘நல்’ (பொருத்தம் இல்லாத வெற்றிடம்) என்றே வருகிறது. அஞ்சல் குறியீட்டை வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட ஒட்டவில்லை. பேசாமல் என் பட்டியலில் உள்ள பெயர்களை வரைபடத்தில் உள்ளபடியே மாற்றிவிடலாமா? வரைபடத்துக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும்?

– ஒரு வாசகர், பீடோங்

அன்புத் தம்பி,

மாற்றாதீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு எழுதிய பெயர்களை மென்பொருள் ஏற்கவில்லை என்று அழிப்பீர்களா?

அஞ்சல் குறியீட்டுச் சிக்கல் சின்னது. 08100 என்று தட்டினால் எக்செல் முன்னால் உள்ள சுழியத்தை விழுங்கி 8100 ஆக்கிவிடும். தட்டும் முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்க வேண்டும். அப்படியே ஒட்டினாலும் பயனில்லை, ஒரே குறியீட்டுக்குள் பல தோட்டங்கள். நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.

என் அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தவர். அவர் செக்ரோலை, அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டை விரித்து எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இடது ஓரத்தில் எண், அடுத்து பெயர், பிறகு மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். தோட்டத்தின் ஒரே பிரிவில், ஒரே டிவிஷனில், மூன்று முனியம்மாக்கள். ஒருத்தி எடுத்த ரப்பர்ப் பாலுக்கு இன்னொருத்தி கணக்கில் சம்பளம் ஏறினால் மறுநாள் காலை ஆள் கூடும் பெரட்டில் சண்டைதான். அதனால் எண்ணைப் பார்த்துத்தான் கணக்கு எழுதுவார். ஆளை மட்டும் ஒருநாளும் எண் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

உங்கள் பட்டியலிலும் அந்த முனியம்மாக்கள் இருக்கிறார்கள். ‘இரண்டாம் டிவிஷன்’ எத்தனை தோட்டங்களில் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு வரிசை இருந்தால் கியூஜிஐஎஸ் ஒன்றை மட்டும் எடுத்து, அந்தப் பெயருள்ள எல்லா இடத்திலும் ஒட்டிவிடும். பிழை என்று எதுவும் காட்டாது. ‘நல்’ வந்தால் கண்ணில் படும், நீங்களும் திருத்துவீர்கள். தப்பாக ஒட்டியது கண்ணில் படாது. ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் இன்னொரு தோட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், பத்து வருடம் கழித்து அதையே ஆதாரம் என்பார்கள். பெயர்களை மாற்றி ‘நல்’ எல்லாவற்றையும் ஒழித்துவிட்டால் உங்களுக்கு நடக்கப்போவது இதுதான்.

இன்னொன்று. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். தொழிலாளர் காசைச் சேர்த்தே தோட்டம் வாங்கலாம் என்று அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான். சனங்கள் வாயில் ஒரே தோட்டம், வரைபடத்தில் நாலைந்து துண்டு. பெயரை வைத்து இதை எப்படிப் பிரிப்பீர்கள்?

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறியீடு கொடுங்கள். எழுத்தில் தொடங்கினால் எக்செல் சுழியத்தை விழுங்காது. பள்ளிகளுக்குக் கல்வி அமைச்சின் குறியீடே இருக்கிறது. வரைபடத்திலும் பட்டியலிலும் அதே குறியீட்டைப் போட்டு, அதை வைத்து மட்டும் இணையுங்கள். ஆபீஸ் பெயர் ஒரு நெடுவரிசையில், சனங்கள் சொன்ன பெயர் அவர்கள் சொன்னபடியே இன்னொன்றில். பட்டியலை சிஎஸ்வி கோப்பாக்கும்போது யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ் சிதைந்துவிடும். இணைத்ததை ஜியோபேக்கேஜ் என்ற வரைபடக் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வகை வேண்டாம், நெடுவரிசைப் பெயர்களை நறுக்கிவிடும்.

எந்த லயம் எந்தத் துண்டோடு போனது என்று சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். கணினியை மூடி வைத்துவிட்டு, முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள்.