வேகத்தை விட பிரேக்தான் உங்களை அதிர வைக்கும்

கேள்வி: எனக்கு 52 வயது. இருபத்தைந்து வருடமாக கியர் கார்தான் ஓட்டுகிறேன், அதுவும் குடும்பத்தோடு நிதானமாக. பிறந்தநாளுக்கு மகள் ஒரு பரிசு கொடுத்திருக்கிறாள்: ரேஸ் டிராக்கில் சூப்பர்கார் ஓட்டும் வாய்ப்பு. ஃபெராரி ஒன்றிலேயே ஆறு சுற்று ஓட்டலாம், இல்லையென்றால் ஃபெராரி, லம்போர்கினி, போர்ஷே மூன்றிலும் இரண்டிரண்டு சுற்று. ஆசை நிறைய இருக்கிறது, ஆனால் நினைத்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அன்றைக்கு என்ன நடக்கும்? காருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

பதில்: நல்ல மகள். முதலில் தேர்வை முடித்துவிடுவோம். ஒரே கார், ஆறு சுற்று. மூன்று காரோடும் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஆசை புரிகிறது, ஆனால் முதல் இரண்டு சுற்று சீட்டும் பிரேக்கும் பழகவும், எந்த வளைவுக்குப் பிறகு எது வருகிறது என்று மனதில் பதியவுமே சரியாகப் போய்விடும். மூன்றாவது சுற்றில்தான் நீங்கள் உண்மையில் ஓட்ட ஆரம்பிப்பீர்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இறங்கி ஏறினால் அந்த மூன்றாவது சுற்று உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. சுற்றுக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம் என்று வைத்தால்கூட ஆறு சுற்றும் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், அதைத் துண்டு போடாதீர்கள்.

கியரை நினைத்துப் பயப்பட வேண்டாம். இந்தக் கார்களில் பெரும்பாலும் கிளட்ச் பெடலே இருக்காது, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கும் சின்ன நெம்புகோல் போல இரண்டு பேடில் இருக்கும், வலது பக்கம் இழுத்தால் கியர் ஏறும், இடது பக்கம் இழுத்தால் இறங்கும். 1989இல் ஃபெராரி இதை ஃபார்முலா ஒன் காரில் கொண்டுவந்தபோது அந்த சீசனின் முதல் பந்தயத்திலேயே, பிரேசிலில், அவர்களுடைய ஓட்டுநர் நைஜல் மான்செல் ஜெயித்துக் காட்டினார், 1997இல் எஃப்355 மாடல் மூலம் அது சாலைக் காருக்கும் வந்துவிட்டது. உங்களுக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: இடது கால். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் அது கிளட்சைத் தேடிப் போய் அகலமான பிரேக் பெடலை ஓங்கி மிதித்துவிட்டால் கார் சுவரில் மோதினது போல நிற்கும், பின்னால் வருகிறவர் கதி என்ன? அதனால் உட்கார்ந்ததுமே இடது காலை ஓரத்தில் இருக்கும் மேடையில் வைத்து, கடைசி வரை அங்கேயே விட்டுவிடுங்கள்.

போனதும் கையெழுத்து வாங்குவார்கள். சேதமானால் உங்கள் பொறுப்பு எவ்வளவு, கூடுதல் காப்பீடு உண்டா என்பதை அந்தக் காகிதத்தில் நிதானமாகப் படியுங்கள், அவசரப்படுத்தினாலும் படியுங்கள். அப்புறம் ஒரு வகுப்பு, ஹெல்மெட். மெல்லிய அடி உள்ள ஷூ போட்டுப் போங்கள், தடித்த ஷூவில் பெடலின் உணர்வே கிடைக்காது. சீட் தரையோடு ஒட்டி இருக்கும். பிரேக்கை முழுதாக மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், அதுதான் சரியான தூரம்.

சரி, ஓட்டும்போது எப்படி இருக்கும்? ஃபெராரி 458 இத்தாலியா கிடைத்தால் 570 குதிரைத்திறன், இன்ஜின் முதுகுக்குப் பின்னால் 9,000 ஆர்பிஎம் வரை கத்தும். அந்தச் சத்தத்துக்கே உடம்பு சிலிர்க்கும். ஆனால் இழுவை இரண்டு சுற்றில் பழகிவிடும். பழகாதது பிரேக். மணிக்கு 200 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 55 மீட்டர் போகிறீர்கள், 100இல் போகும்போது இருப்பதைப் போல நான்கு மடங்கு ஆற்றலை அந்தப் பிரேக் விழுங்க வேண்டும். பிரேக் போடும் இடத்தைக் காட்ட ஓரத்தில் வைத்த கோன் நெருங்கி வரும். பக்கத்து சீட்டில் இருக்கும் இன்ஸ்ட்ரக்டர், "இன்னும் இல்ல, இன்னும் இல்ல, இப்போ பிரேக், அழுத்துங்க, இன்னும் அழுத்துங்க!" என்பார். பெல்ட் நெஞ்சில் இறுகும், கன்னச் சதை முன்னால் போகும், பெடல் காலுக்கடியில் படபடவென்று துடிக்கும். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் வேலை செய்வது, கார் கெட்டுப்போகவில்லை, காலை எடுக்காதீர்கள். தெருவில் நாம் மெதுவாக ஆரம்பித்துக் கடைசியில் அழுத்துவோம், இங்கே ஆரம்பத்திலேயே கெட்டியாக மிதித்துவிட்டு வளைவு நெருங்க நெருங்க மெல்ல விட வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் அன்றைக்கு முக்கால்வாசி வேலை முடிந்தது.

மீதி கால்வாசி வளைவுக்குள். நான் முதல் தடவை ஓட்டியபோது வளைவின் நடுவில் வேகம் அதிகமோ என்று பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தேன். எடையெல்லாம் முன்னால் சாய்ந்தது, பின் டயர்களின் பிடி குறைந்தது, காரின் பின்பக்கம் வெளியே நழுவ ஆரம்பித்தது. கார் தானாகவே பிடித்து நிறுத்திவிட்டது, அந்த எலக்ட்ரானிக் பாதுகாப்பை உங்களுக்கும் அணைக்க மாட்டார்கள். ஆனால் அந்த அரை நொடி இன்னும் எனக்கு மறக்கவில்லை. வேகத்தைக் குறைப்பதெல்லாம் கார் நேராகப் போகும்போதே முடிந்துவிட வேண்டும், வளைவுக்குள் போனபிறகு கால் மெதுவாக மட்டும் அசையட்டும், கண் காருக்கு முன்னால் இருக்கும் தரையைப் பார்க்காமல் வளைவு முடியும் இடத்தைப் பார்க்கட்டும். ஒருவேளை இரண்டு சக்கரம் புல்லில் இறங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள். நேராகப் பிடித்து, வேகம் குறைந்த பிறகு உள்ளே வாருங்கள். காரைச் சேதப்படுத்துகிறவர்களில் பலர் புல்லில் இறங்கியதால் சேதப்படுத்துவதில்லை, அவசரமாக ஏறப் பார்த்துத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பின்னால் வேகமாக வருகிறவர்களைப் பற்றி யோசிக்காதீர்கள், இன்ஸ்ட்ரக்டர் பார்த்துக்கொள்வார். வழி விடச் சொன்னால் விடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கழுத்து, முதுகு, இதயம் எதிலாவது தொந்தரவு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம், பட்டினியாகவும் போக வேண்டாம், பக்கத்து சீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தலைசுற்றல் அதிகம் வரும் என்றாலும் ஹெல்மெட்டுக்குள் சூடும் பதற்றமும் சேர்ந்தால் ஓட்டுகிறவருக்கும் வரும்.

கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டச் சொல்வார்கள், பிரேக் ஆறுவதற்காக. இறங்கும்போது கை லேசாக நடுங்கும், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்கூட ஊர்வது போலத் தெரியும். அதனால் மகளையும் கூட்டிப் போங்கள், வீட்டுக்குத் திரும்பும்போது சாவியை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.