கப்கேக் உலராமல் இருக்க

கேள்வி: வீட்டில் செய்யும் கப்கேக்குகள், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தும் மறுநாளே உலர்ந்துவிடுவது ஏன்?

பதில்: பெரும்பாலும் அந்தப் பெட்டியேதான் காரணம்; அதன் குளிரில் மாவிலுள்ள ஸ்டார்ச் விரைவாக இறுகி, கேக்கின் மென்மையைக் கெடுத்துவிடுகிறது. கிரீம் பூசாத கப்கேக்குகளை, சூடு முழுவதும் ஆறிய பிறகே (வெதுவெதுப்பாக மூடினால் ஆவி நீராகி மேற்புறம் பிசுபிசுக்கும்) காற்றுப் புகாத டப்பாவில் ஒரே அடுக்காக அடுக்கி, வெயில் படாத, வெப்பம் மிகாத இடத்தில் வைத்தால் 2 நாட்கள் வரை மென்மை குறையாது. ஃப்ரெஷ் கிரீம், கிரீம் சீஸ் பூசியவற்றுக்குக் குளிர்சாதனம் கட்டாயம். அங்கே சுவையைவிடப் பாதுகாப்பே முக்கியம். நீண்ட நாள் வைக்க வேண்டுமெனில், பூச்சில்லாமல் ஒவ்வொன்றையும் இறுகச் சுற்றி ஃப்ரீசரில் 2 மாதங்கள் வரை வைக்கலாம். வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடாதீர்கள். குளிர் நீங்கும்வரை பொறுத்தால், ஈரம் கேக்கின்மீது படியாமல் உறையின் மீதே படியும்.